யாரையும் சுடாத வசவு

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்தாரின் கூடத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதற்கண் சொல்லிவிடுகிறேன். பந்தி முடிந்து பெரியோர் இளைப்பாறிக்கொண்டிருந்தனர். பிள்ளைகள் ஒரு மூலையில் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். என் பேரனுக்கு வயது எட்டு. இந்நாட்டிலேயே பிறந்து வளர்பவன். பந்தைத் தவறவிட்ட தோழனைப் பார்த்து அவன் உரத்த குரலில் ஒரு தமிழ்ச் சொல்லை வீசினான். நாலைந்து பேர் சிரித்தனர். “அடடா, பையன் நன்றாகத் தமிழ் பேசுகிறானே!” என்று ஒருவர் மெச்சவும் செய்தார். ஆனால் சுவரோரம் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். அவர் தம் கணவரை இழந்து ஓராண்டுகூட நிறையவில்லை.

பேரன் சொன்ன சொல் ‘கம்மனாட்டி’ என்பது. பொருளை விளக்கவேண்டி இந்த ஒருமுறை மட்டும் அதனை எழுதுகிறேன். கணவனை இழந்த பெண் என்பதே அதன் பொருள். எவனோ ஒருவனை இழித்துரைக்க, துயருற்ற ஒரு பெண்ணின் நிலையையே கல்லாக எடுத்து எறிகிறது அச்சொல். பேரன் அதனைக் கற்றது ஒரு நகைச்சுவைத் திரைப்படக் காட்சியிலிருந்து. அதற்குப் பொருள் உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. சிரித்தவர்களுக்கும் அப்போது நினைவில் இல்லை.

அன்றிரவு அவனை அருகில் அமர்த்திப் பொருளைச் சொன்னேன். முகம் வாடிப்போயிற்று. சற்று நேரம் பொறுத்து, “இனிமேல் சொல்லமாட்டேன் தாத்தா. ஆனால் கோபம் வந்தால் வேறு என்ன சொல்வது?” என்று கேட்டான்.

நேயர்களே, “கோபமே படாதே” என்று ஒரு வரியில் விடை கூறியிருக்கலாம். ஆனால் கால் கட்டை விரல் கதவில் இடித்துக்கொண்டால் நானே அமைதியாக இருப்பவன் அல்லன். ஆதலால் அக்கேள்விக்கு நேர்மையான விடையைத் தேடலானேன். தேடியதில் கிடைத்தவற்றையே இங்கு உங்கள்முன் வைக்கிறேன்.

பலமனேரில் கேட்ட பாடம்

நான் பிறந்த ஊர் பலமனேர். சித்தூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் சாலையில், மொகிலி மலைவழி ஏறியதும் மேட்டுநிலத்தில் அமைந்த ஊர். நீலகிரி வெள்ளையருக்குத் திறக்கப்படுமுன்னர், சென்னையிலிருந்த அவர்கள் உடல்நலம் தேடி வந்து தங்கிய குளிர்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று. 1911ஆம் ஆண்டுவரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்திற்குச் சென்றது. தெற்கே குடியாத்தம், மேற்கே கோலார். ஆகவே கடைத்தெருவில் தெலுங்கு, தமிழ், கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒலிக்கும். விலை பேசவும் நான்கு மொழி, வைதுகொள்ளவும் நான்கு மொழி!

இதில் ஒரு வியப்பைக் கவனித்தீர்களா? வைதல் என்னும் செயலைக் குறிக்கும் சொல்லே அங்கு எல்லை தாண்டி உறவாடுகிறது. தமிழில் ‘திட்டு’ என்பது தெலுங்கிலும் ‘திட்டு’தான். தமிழில் ‘வை’ என்பது கன்னடத்தில் ‘பய்’ என்றாகும். நம் வகரம் அங்குப் பகரமாவது வழக்கம்; வாழை ‘பாளெ’ ஆனதுபோல் வைவும் ஆயிற்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது சண்டையையும் சேர்த்துப் பங்கிட்டுக்கொண்டனர் போலும்!

இன்னொன்றும் உண்டு. ‘கம்பு’ என்று நாம் எழுதும் ஒலியையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழனுக்கு அது தானியம், அல்லது ஊன்றுகோல். கன்னடத்தில் மகரம் ஒலிக்கப் பகரம் வல்லென நிற்கும் அதே சொல் நறுமணத்தைக் குறிக்கும். தெலுங்கிலோ அது துர்நாற்றம்! கோலாரிலிருந்து வந்தவர் புகழ்ந்து சொன்னதைப் பலமனேர்க்காரர் வசவாகக் கொள்ள இடமுண்டு. நாம் மட்டும் என்ன? ‘நாற்றம்’ என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது; இன்று யாரையேனும் பார்த்து அதனைச் சொல்லிப் பாருங்கள்! இவற்றிலிருந்து புலனாவது யாது? இழிவு ஒலியில் இல்லை. அவ்வொலிக்கு நாம் ஏற்றிவைக்கும் பொருளில்தான் இருக்கிறது.

வசவுகளின் பிறந்தகம்

சென்னைத் தெருப்பேச்சின் பெயர்பெற்ற வசவுகளைச் சற்றே ஆராய்வோம். 1958இல் வெளிவந்த ‘சபாஷ் மீனா’ படத்தில் ஜே. பி. சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராகத் தோன்றி அப்பேச்சைத் தமிழகமெங்கும் சிரிக்கச் சிரிக்கப் பரப்பினார். அப்பேச்சில் ‘கஸ்மாலம்’ என்று ஒரு சொல் உண்டு. கேட்போர் அது சாக்கடையோரத்தில் பிறந்தது என்றே எண்ணுவர். உண்மையில் அது வடமொழிச் சொல். மனத்தளர்ச்சி, அழுக்கு என்று பொருள்படுவது. போர்க்களத்தில் சோர்ந்து நின்ற அருச்சுனனைக் கண்ணன் கடிந்துகொள்ளுமிடத்தில், பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே அது வருகிறது. ‘பேமானி’ பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. நேர்மையின்மை என்பது பொருள். ‘சோமாரி’ தெலுங்குச் ‘சோமரி’யின் உறவு, நம் சோம்பேறிதான் அவன். ‘சாவுகிராக்கி’யில் உள்ள ‘கிராக்கி’ கடைக்கு வரும் வாடிக்கையாளரைக் குறிப்பது. பகலெல்லாம் சவாரி தேடி அலைந்தவன், குறுக்கே வந்து விழுந்து சாகப் பார்த்தவனுக்குச் சூட்டிய பட்டம் என்று அதனைக் கொள்ளலாம்.

இவையெல்லாம் ஒருவனுடைய குணத்தையோ செயலையோ பற்றியவை. சோம்பலைச் சொல்லி வைதால் சோம்பியவனுக்கு மட்டுமே உறைக்கும். ஆனால் வேறொரு வகை வசவு உண்டு. அது எதிரே நிற்பவனை விட்டுவிட்டு, அங்கே இல்லாத ஒருவரைச் சுடும். என் பேரன் வீசியது அவ்வகை. உடற்குறை உடையோரைச் சுட்டும் வசவுகளும், தாயையும் தமக்கையையும் இழுக்கும் வசவுகளும், ஒரு குலத்தாரின் பெயரையே இழிசொல்லாக்கிய வசவுகளும் அவ்வகைப்பட்டனவே.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு சான்று. வெள்ளையர் ஆட்சி 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911இல் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பிறந்த குழந்தையையும் பிறப்பினாலேயே குற்றவாளி என எண்ணவைத்த கொடிய சட்டம் அது. அதன்கீழ்க் காவல் நிலையப் பதிவேட்டில் ஏற்றப்பட்ட ஒரு கூட்டத்தாரின் பெயர், ஏமாற்றுக்காரன் என்னும் பொருளில் இன்றும் நம்மவர் வாயில் புரளுகிறது. படங்களில் கைதட்டலும் பெறுகிறது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று; சொல் போகவில்லை. அச்சொல்லை நான் இங்கு எழுதவில்லை. அறிந்தவர் அறிவர்; அறியாதவர் அறியாமலே இருப்பது நன்று.

பாட்டியின் இலக்கணம்

நம் முன்னோர் இச்சிக்கலை உணராதவர் அல்லர். அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல்லவேண்டும் என்று தொல்காப்பியமே விதி கூறுகிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் அதற்கு ‘இடக்கரடக்கல்’ என்று பெயரிட்டு, தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைக்கிறது. மற்றொன்று ‘மங்கலம்’, இறந்தார் என்னாது இயற்கை எய்தினார் என்பது போல்வது. பிறிதொன்று ‘குழூஉக்குறி’, ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயரிட்டு வழங்குவது.

இலக்கணம் படியாத நம் பாட்டிமார் இம்மூன்றையும் ஒரே மூச்சில் கையாண்டனர். பேரன் தயிர்ப்பானையை உடைத்துவிட்டால் “நாசமாய்ப் போ” என்று வாய் வரை வரும். பெற்ற வயிறு அதனைச் சொல்ல விடுமா? “நாசமற்றுப் போ!” என்று முடிப்பார்கள். குரலில் சினம் முழுவதும் இருக்கும். பொருளிலோ நாசம் இல்லாமல் வாழ்க என்னும் வாழ்த்து! இடக்கரும் அடங்கிற்று, மங்கலமும் ஆயிற்று. வசவின் ஒலியை வைத்துக்கொண்டு நஞ்சை மட்டும் பிழிந்தெடுத்த இந்த வித்தைக்கு ஈடு எங்கே உண்டு?

பேரனின் கேள்விக்கு முதல் விடை இங்கேயே கிடைத்துவிட்டது. பொருளை மாற்றிவிடலாம். அடுத்த படி, பொருளே இல்லாத புதுச் சொல்லை ஆக்கிக்கொள்வது. அதற்கும் நம்மவரிடமே ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு.

குழந்தைகளோடு பிறந்த மொழி

2015ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ‘பாகுபலி’யின் முதற்பாகம் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. எஸ். எஸ். ராஜமௌலி இயக்கிய அப்படத்தில் காலகேயர் என்னும் கூட்டத்தார் மகிழ்மதி நாட்டின்மேல் படையெடுத்து வருகின்றனர். அவர்களுடைய தலைவன் போர்முனையில் நின்று அரசி சிவகாமியைப் பற்றி இழிவாகப் பேசுகிறான். அவன் பேசுவது தெலுங்கும் அன்று, தமிழும் அன்று. ‘கிலிக்கி’ என்னும் புதுமொழி அது. பிரபாகர் என்னும் நடிகர் அதனை உறுமலும் நாக்கைச் சொடுக்கும் ஒலியுமாகப் பேசியபோது, கொட்டகையிலிருந்த எவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அது வசவு என்பது எல்லோருக்கும் விளங்கிற்று! தெலுங்குப் படத்திலும் தமிழ்ப் படத்திலும் அது ஒன்றே. பலமனேர்ச் சந்தையில் நான்கு மொழிக்காரரும் ஒருங்கே புரிந்துகொள்ளக்கூடிய வசவு ஒன்று உண்டென்றால் அதுவாகத்தான் இருக்கும்.

அம்மொழியை ஆக்கியவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. அதற்கு 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் வகுத்ததாகச் செய்திகள் வந்தன. ‘மின்’ என்றால் நான். அதனைத் திருப்பிப் போட்டு ‘நிம்’ என்றால் நீ. எதிர்ப்பொருளுக்கு எழுத்தையே எதிராக அடுக்கும் இந்த எளிமையை நோக்கும்போது, இது ஒரு குழந்தை விளையாட்டுப் போல் இருக்கிறதே என்று தோன்றும். உண்மையும் அதுவே. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் கணினித்துறை ஆய்வு செய்த நாட்களில், அவர் அங்குச் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் செய்தார். அக்குழந்தைகளோடு விளையாடும்போது பிறந்த சொற்களே பின்னாளில் காலகேயர் வாயில் போர்முழக்கமாயின. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, எழுத்துகளோடு கூடிய முழு மொழியாகக் கிலிக்கி வெளியிடப்பட்டது. தெலுங்குப் பாடகி ஸ்மிதா அம்மொழியை வைத்து ஒரு துள்ளிசைப் பாட்டையே பாடினார்.

வெளிநாட்டில் வாழும் நமக்கு இச்செய்தி தனிப்பட்ட இனிமை உடையது. பிறந்த மண்ணை விட்டு வந்த ஒரு தமிழர், பிறநாட்டுக் குழந்தைகளோடு தரையில் அமர்ந்து விளையாடியபோது ஒரு மொழி முளைத்தது. நம் வீடுகளிலும் நாள்தோறும் இப்படி எத்தனை சொற்கள் முளைக்கின்றன! நாம்தான் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சொல் புதிதாயினும், அதனைப் பேசுவோரைக் கருநிறத்தினராகவும் காட்டுமிராண்டிகளாகவும் காட்டியது தகுமா என்று அப்போதே சிலர் வினவினர். அவ்வினா நேரியது. வசவைத் தூய்மையாக்கிவிட்டு, வைபவனின் தோற்றத்தில் இழிவை ஏற்றினால் பயன் என்ன?

கடல்கடந்த உறவினர்

பிற நாட்டாரும் இவ்வழியில் நடந்திருக்கின்றனர். பெல்ஜியம் நாட்டு ஓவியர் ஹெர்ஜேயின் டின்டின் படக்கதைகளில் கப்பல் தலைவர் ஹாடக் 1941இல் தோன்றினார். முரட்டு மாலுமி வையாமல் இருப்பாரா? ஆனால் கதையோ சிறுவர் இதழுக்கு உரியது. ஹெர்ஜேக்கு ஒரு பழைய காட்சி நினைவுக்கு வந்தது. 1933இல் ஐரோப்பிய வல்லரசுகள் நான்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருந்த வேளையில், கடைக்காரி ஒருத்தி தன்னோடு சண்டையிட்டவனை ‘நான்கு வல்லரசு உடன்படிக்கையே!’ என்று வைததை அவர் கேட்டிருந்தார். சொல்லின் பொருள் எதுவாயினும் சொல்லும் வேகம் ஒன்றே போதும் என்று கண்டுகொண்டார். அதுமுதல் ஹாடக் விலங்கியல், வேதியியல், வரலாறு ஆகிய நூல்களிலிருந்தெல்லாம் அருஞ்சொற்களை அள்ளி எறிந்தார். பிள்ளைகள் அகராதியைப் புரட்டினர், எவரும் புண்படவில்லை.

அமெரிக்காவில் நார்மன் மெய்லர் 1948இல் வெளியிட்ட போர்ப் புதினத்தில், படைவீரர்களின் கொச்சைச் சொல் ஒன்றை அச்சிடப் பதிப்பாளர் தயங்கியதால், அதன் ஒலியைச் சற்றே மாற்றிப் புதுச் சொல்லாக்கி நூல் முழுவதும் வழங்கினார். 1978இல் தொலைக்காட்சியில் வந்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்னும் விண்வெளிக் கதையில் ‘ஃபிராக்’ என்றொரு வசவு ஆக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அக்கதை மறுபடியும் எடுக்கப்பட்டபோது அச்சொல் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒலித்தது. கதையைப் பார்த்தோர் தம் வீட்டுப் பேச்சிலும் அதனை வழங்கலாயினர். ஒளிபரப்பு விதிகள் அதனைத் தடுக்கவில்லை. தடுக்க அதில் பொருளே இல்லையே!

நன்னூலார் கண்கொண்டு நோக்கினால் இது யாது? சொல்லத்தகாததை மறைப்பதால் இடக்கரடக்கல். கதையை விரும்புவோர் தமக்குள் வழங்கிக்கொள்வதால் குழூஉக்குறி. இரண்டும் கூடிப் பெற்ற பிள்ளையே கற்பனை வசவு.

வசவுக்கு வேண்டுவன

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்துப் பார்த்தால் நல்ல கற்பனை வசவுக்கு வேண்டும் இலக்கணம் விளங்கும். முதலாவது, அது வல்லெழுத்தால் அமையவேண்டும். க, ச, ட, த, ப, ற ஆகியவற்றை நம்மவர் வல்லினம் என்றது சும்மாவன்று. ‘லமுனா’ என்று எவரும் வைய முடியாது. இரண்டாவது, சுருக்கமாயிருத்தல் வேண்டும். சினம் நீண்ட தொடருக்குக் காத்திராது. மூன்றாவது, நம் வாக்கியத்துக்குள் பொருந்தி விளியாகவும் வினையாகவும் உருமாற இடம் தரவேண்டும். நான்காவதும் தலையாயதும், அச்சொல்லுக்குப் பின்னால் எந்த மனிதரும் நின்றுகொண்டிருத்தல் ஆகாது.

நம் திரைப்பட நகைச்சுவையிலும் இந்நான்காவது விதியைக் கொண்டு பதரையும் நெல்லையும் பிரிக்கலாம். கவுண்டமணியும் செந்திலும் இணைந்து நடித்த காட்சிகளில் ‘தலையா’ என்று முடியும் வசவுகள் பல. காயையும் கனியையும் தலைக்கு ஒப்பிட்டால் காய் கோபித்துக்கொள்ளாது, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அவற்றுள் ஒன்றில் ஒரு வணிகக் குலத்தாரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே விளையாட்டாகத் தோன்றும். வேற்றுமையை உணர்த்த வேண்டியவர் வீட்டிலுள்ள நாமே.

தாய்நாட்டில் வளரும் பிள்ளைக்குத் தெருவும் உறவும் பள்ளியும் சேர்ந்து, எச்சொல் எங்கே ஆகும், எங்கே ஆகாது என்று கற்பித்துவிடும். நம் பிள்ளைகளுக்குத் தமிழ்த் தெரு இல்லை. அவர்களுக்குத் தெருவாக அமைந்தது திரைப்படமே. அங்கிருந்து ஒரு சொல்லைக் கொண்டுவரும்போது, “தமிழ் பேசுகிறானே” என்ற மகிழ்ச்சியில் பொருளைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். தமிழ் பேசுவது மகிழத்தக்கதே. அத்தமிழைக் கேட்டு ஒருவர் அவையிலிருந்து எழுந்து போகும்படி ஆனால், அப்பேச்சினால் நமக்கு என்ன பெருமை?

மறுநாள் பேரனை அழைத்துக்கொண்டு அம்மூதாட்டியின் இல்லம் சென்றேன். “மன்னித்துக்கொள்ளுங்கள் பாட்டி, எனக்கு அர்த்தம் தெரியாது” என்றான். அவர் அவனை அருகில் அமர்த்தி முறுக்குத் தட்டை நீட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல, ஐயா. எங்கள் ஊரில் எத்தனையோ தடவை காதில் விழுந்திருக்கிறது. அதைக் கேட்டு நம் ஜனங்கள் சிரித்தார்களே, அதுதான் தாங்கவில்லை” என்றார். விடை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. சிரித்தவர்களுள் நானும் ஒருவன்.

வீடு திரும்பிய பின் தாத்தாவும் பேரனுமாக ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். கிலிக்கியின் வழியைப் பின்பற்றி எழுத்துகளை முன்னும் பின்னுமாகப் புரட்டினோம். வல்லினம் இரண்டு, மூன்றெழுத்து, நாவில் ஏறினால் வெடிக்கவேண்டும் என்று விதி செய்துகொண்டோம். நான் ஒவ்வொன்றையும் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் உரசிப் பார்த்தேன். பலமனேரில் பிறந்ததன் பயன் அன்று கிடைத்தது. நான்கில் ஒன்றிலேனும் யாரையாவது சுடுமாயின் தள்ளிவிட்டோம். ஏழெட்டுச் சொற்கள் அவ்வாறு கழிந்தன. இறுதியில் ஒன்று தேறிற்று.

அது யாது என்று கேட்கிறீர்களா? அது எங்கள் வீட்டுக் குழூஉக்குறி, வெளியிடுவதற்கில்லை. உங்கள் வீட்டுக்கு வேண்டுவதை உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து நீங்களே ஆக்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று மட்டும் சொல்வேன். சென்ற வாரம் மூக்குக்கண்ணாடியைத் தேடி இருட்டில் நடந்தபோது கட்டை விரல் கதவில் இடித்தது. என்னையறியாமல் அச்சொல் வாயிலிருந்து வெடித்தது. அடுத்த அறையில் உறங்காமல் படுத்திருந்த பேரன், “தாத்தா, சரியாகச் சொன்னீர்கள்!” என்றான். வலி உடனே குறைந்ததென்று பொய் சொல்லமாட்டேன். ஆயினும் அன்றிரவு எங்கள் வீட்டில் வலி என் விரலில் மட்டுமே இருந்தது.